நமக்குள்ள என்ன கணக்கு

நண்பனோடு சேர்ந்து தொழில் தொடங்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். இரண்டு அறிவுரைகள் வரும். ஒன்று, "சிநேகிதத்துக்குள்ள பணத்தைக் கொண்டுவராத." இன்னொன்று, "முன்னபின்ன தெரியாத ஆளை நம்பித் தொழில்ல இறங்காத." பெரும்பாலும் ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுவார். எனக்குச் சொன்னவர் என் பெரியப்பா. இரண்டையும் கடைப்பிடித்தால் கூட்டுத்தொழில் என்ற ஒன்றே உலகத்தில் இருக்க முடியாது. அவரே தன் மச்சினரோடு சேர்ந்து முப்பது வருஷம் இரும்புக்கடை நடத்தியவர் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த முரணுக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. நண்பர்கள் ஒருவருக்கொருவர் கணக்கு எழுதிக்கொள்ளலாமா? எழுதினால் நட்பில் ஏதாவது குறைகிறதா? பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "சும்மா இரு மாப்ள, நமக்குள்ள என்ன கணக்கு" என்று சிரித்திருப்பேன். இப்போது அந்த வாக்கியத்தை யாராவது சொன்னால் கொஞ்சம் கவனமாகிவிடுகிறேன்.

2016-ல் நானும், கல்லூரி விடுதியில் நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்த நண்பனும் மதுரையில் ஒரு ஈவென்ட் மேனேஜ்மென்ட் தொழிலைத் தொடங்கினோம். அவன் மெக்கானிக்கல், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். படிப்புக்கும் தொழிலுக்கும் சம்பந்தமில்லை. கல்லூரி ஆண்டு விழாவில் பழைய டிரம்மையும் ஃபியூஸ் போன டியூப் லைட்டையும் வைத்து நாங்கள் போட்ட மேடையை நாலு பேர் பாராட்டினார்கள், அவ்வளவுதான் எங்கள் தகுதி. எனக்கு பெங்களூரில் வேலை. வெள்ளி இரவு பஸ் பிடித்து மதுரை வருவேன், ஞாயிறு இரவு திரும்புவேன். அவன் ஒரு வருஷத்தில் தன் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினான். முதலீடு என் சம்பளத்திலிருந்து. மற்றதெல்லாம் அவன்.

இந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பூவும் விளக்கும். உள்ளே இருப்பவனுக்கு நேரமும் கடனும். மண்டபத்தை மதியம் மூன்று மணிக்குத்தான் கையில் தருவார்கள், ஆறரைக்கு ரிசப்ஷன். மூன்றரை மணி நேரத்தில் பேக்ட்ராப் நிற்க வேண்டும், சீரியல் செட் எரிய வேண்டும், ஜெனரேட்டர்காரர் வந்திருக்க வேண்டும். விடியற்காலை முகூர்த்தத்துக்குள் அதே மேடை மணவறையாக மாற வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாள் விலையும் மறுநாள் விலையும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாதது மாதிரி இருக்கும். ஆனால் நாம் கொட்டேஷன் கொடுத்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். பந்தல்காரருக்கும் லைட்டுக்காரருக்கும் முன்பணம் போய்விடும். பார்ட்டியிடம் பாதி அட்வான்ஸ் வாங்கலாம், மீதியை ரிசப்ஷனுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். தாலி கட்டி முடிந்தபிறகு டெக்கரேஷன்காரன் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆடியும் மார்கழியும் வந்தால் வருமானம் கிடையாது, குடோன் வாடகை மட்டும் உண்டு.

இதில் 'கிரியேட்டிவ்' எங்கே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. மணப்பெண் போனில் ஒரு படத்தைக் காட்டி "அண்ணா, இதே மாதிரி வேணும்" என்பாள். அது இத்தாலியில் ஏதோ ஏரிக்கரையில் எடுத்த படமாக இருக்கும். நமக்குக் கிடைத்திருப்பது ஏசி ஓடாத மண்டபம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடப்பதில்தான் நம் கற்பனை செலவாகும். எப்போதாவது ஒருமுறை பார்ட்டி "உங்க இஷ்டத்துக்குச் செய்ங்க" என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு ரிசப்ஷனுக்கு தெர்மாகோலும் பிளாஸ்டிக் பூவும் இல்லாமல், முழுக்கப் பனையோலையிலேயே மேடை செய்தோம். ஓலை முடையத் தெரிந்த பெண்கள் எட்டு பேர் நான்கு நாள் உட்கார்ந்து செய்தார்கள். மஞ்சள் வெளிச்சம் ஓலை வழியாக வந்தபோது மண்டபத்தில் பேச்சு ஒரு நொடி நின்றது. எங்கள் பெயர் ஊரில் பரவியது அதிலிருந்துதான்.

அந்த யோசனை யாருடையது? நான் சொன்னேன் என்பது என் ஞாபகம். ஒரு சனிக்கிழமை காரில் வரும்போது சாலையோரப் பனைகளைப் பார்த்துச் சொன்னேன். அவன் சொன்னான் என்பது அவன் ஞாபகம். அவன் ஆத்தா ஊரில் ஓலைக் கொட்டானைப் பார்த்தபோதே தோன்றியதாம். இருவரும் பொய் சொல்லவில்லை. 1979-ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரு உளவியலாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் மொத்தத்தைத் தாண்டிப் போனது. காரணம் பேராசை அல்ல. நாம் செய்தது நமக்கு ஞாபகம் இருக்கிறது, மற்றவர் செய்தபோது நாம் பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான்.

என் பிழைப்பில் இதற்கு ஒரு கருவி உண்டு. 'கிட்' என்ற மென்பொருள், எந்த வரியை யார் எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று காட்டிவிடும். அந்தக் கட்டளைக்குப் பெயரே 'பிளேம்'. ஆனால் ஒரு புராஜெக்ட் எப்படிப் பிழைத்தது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தேவையில்லாத இருநூறு வரிகளை எழுதவிடாமல் தடுத்தவர் பெயர் அதில் இருக்காது. கோபமாக இருந்த கஸ்டமரோடு ஒரு மணி நேரம் போனில் பொறுமையாகப் பேசியவர் பெயரும் இருக்காது. எங்கள் தொழிலில் அந்த இரண்டாவது வேலை முழுவதும் அவனுடையது. மண்டப மேனேஜர், மாப்பிள்ளையின் தாய்மாமன், குடித்துவிட்டு வந்த சவுண்ட் சர்வீஸ் பையன் எல்லோரையும் சமாளித்தவன் அவன். எந்த எக்ஸெல் ஷீட்டில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2017-ல் பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுத ஆடிட்டரிடம் போனோம். வயதானவர். "பங்கு எப்படி தம்பி?" என்றார். "பாதிப் பாதி சார்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "முழுநேரம் வேலை பாக்குறது யாரு? அவருக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். நண்பன், "நமக்குள்ள எதுக்கு சார் அதெல்லாம்" என்றான். "நமக்குள்ளன்னு சொல்றவங்கதான் ரெண்டு வருஷம் கழிச்சுத் தனித்தனியா வந்து உக்காருறாங்க" என்றார் அவர்.

அன்று அவர் சொல்லித்தான் 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தைப் படித்தேன். படிக்கச் சுவையான சட்டம் அது, சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒன்பதாவது பிரிவு, கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நியாயமாகவும் விசுவாசமாகவும் இருக்க வேண்டும், உண்மையான கணக்கைக் காட்ட வேண்டும் என்கிறது. விசுவாசமும் கணக்கும் ஒரே வாக்கியத்தில்! பதின்மூன்றாவது பிரிவு, நீங்கள் எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறது. லாபம் சரிபாதி, உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. அதாவது "நமக்குள்ள எதுக்கு" என்று விட்டால் சட்டம் ஒரு முடிவை எடுத்துவிடுகிறது, அதில் முழுநேரம் உழைத்தவன்தான் தோற்பான். அவனுக்கு மாதச் சம்பளம், அதற்குப் பிறகு மிஞ்சுவதில் பாதிப் பாதி என்று எழுதினோம். கையெழுத்துப் போடும்போது அவன் முகம் வாடியிருந்தது. அவனுக்கு அது வேலைக்காரன் ஆனது மாதிரி இருந்திருக்கிறது. எனக்கோ, அந்தச் சம்பளம் எழுதாத பாதிப் பாதியில்தான் அவன் எனக்கு வேலைக்காரனாக இருந்திருப்பான் என்று பட்டது.

பாதிப் பாதி என்பது ஓர் அளவீடு அல்ல என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். யாரும் எதையும் அளந்து அந்த எண்ணுக்கு வரவில்லை. பனையோலை யாருடைய யோசனை என்பதை இனி அளக்கப்போவதில்லை என்ற ஒப்பந்தம் அது. ஆனால் அளக்க முடியாததை அளக்காமல் விட, அளக்க முடிந்ததை முதலில் அளந்து தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. சம்பளம், பெட்ரோல், குடோன் வாடகை, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் அந்தப் பக்கம்.

எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நட்பு உண்டு, ஸ்டீவ் ஜாப்ஸும் ஸ்டீவ் வாஸ்னியாக்கும். 1975-ல் அட்டாரி நிறுவனத்துக்காக 'பிரேக்அவுட்' விளையாட்டை வாஸ்னியாக் நான்கு நாள் தூங்காமல் வடிவமைத்தார். கிடைத்தது 700 டாலர் என்று சொல்லி ஜாப்ஸ் அவருக்குப் பாதியைக் கொடுத்தார். அதற்குமேல் பல ஆயிரம் டாலர் போனஸ் ஜாப்ஸுக்குப் போனது பல வருஷம் கழித்துத்தான் தனக்குத் தெரிந்தது என்கிறார் வாஸ்னியாக். ஜாப்ஸ் இதை மறுத்திருக்கிறார். என்னைப் பிடித்துக்கொண்டது வாஸ்னியாக்கின் வருத்தம். பணம் தேவை என்று சொல்லியிருந்தால் முழுவதையும் கொடுத்திருப்பேன் என்பது அவர் கட்சி. கணக்கே பார்க்காத மனிதரைக் காயப்படுத்தியது தொகை அல்ல, தவறான கணக்கு. பணத்தைப் பொருட்படுத்தாதவனுக்கும் உண்மையான எண்ணைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

அவர்கள் 1976 ஏப்ரல் 1 அன்று ஆப்பிளை ஒரு கூட்டாண்மையாகத்தான் தொடங்கினார்கள். 10 சதவீதப் பங்கோடு மூன்றாவதாக இருந்த ரொனால்ட் வெய்ன் பன்னிரண்டே நாளில் விலகிவிட்டார். அவருக்குக் கிடைத்தது 800 டாலர். இதை வைத்து இணையத்தில் அவரைக் கிண்டல் செய்யாதவர் இல்லை. ஆனால் கூட்டாண்மையில் ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு, மூவரில் சொத்து என்று சொல்ல ஏதாவது வைத்திருந்தவர் அவர்தான். நம் சட்டத்திலும் அப்படித்தான், இருபத்தைந்தாவது பிரிவு. ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, இன்னொருவன் என் பெயரில் என்ன கடன் வாங்கினாலும் அது என் கடன் என்று ஏற்றுக்கொள்வதற்கு நட்பைவிட நெருக்கமான பெயர் எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்தில்கூட அவ்வளவு கிடையாது.

கணக்கும் உறவும் ஒட்டாது என்பது நம் ஊர்க்காரர்கள் சொல்லக்கூடாத வசனம் என்றும் தோன்றுகிறது. நாங்கள் மேடை போட்ட ஒவ்வொரு மண்டபத்திலும் வாசல் பக்கம் ஒரு மேஜை, அதில் மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை. மைக்கில் வேறு வாசிப்பார்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் அதற்கென்றே மொய் விருந்து நடக்கும், கறிச்சோறு போட்டு லட்சக்கணக்கில் மொய் வாங்குவார்கள். அந்த நோட்டில் இருப்பது கடனா அன்பளிப்பா? இரண்டும். வாங்கியவர் அதை மறுமுறை திருப்பியாக வேண்டும், ஆனால் அதற்கு வட்டி இல்லை. வாங்கிய தொகையைச் சரிக்குச் சரியாக வைத்தால் கணக்கு தீர்ந்தது என்று அர்த்தம். கொஞ்சம் கூட்டி வைத்தால் உறவு தொடர்கிறது. நைஜீரியாவின் திவ் மக்களிடையே வாழ்ந்த லாரா போஹன்னன் கவனித்ததும் இதுதான் என்று டேவிட் கிரேபர் தன் 'கடன்' புத்தகத்தில் எழுதுகிறார். அங்கே பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த முட்டைக்குப் பதிலாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் அதே மதிப்புக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இனி உன் சகவாசம் வேண்டாம் என்று பொருள்.

சரி, எங்கள் கதையில் இது சோதனைக்கு வந்தது 2020-ல். மார்ச் 25 ஊரடங்கு. சித்திரை, வைகாசியில் பதினோரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். அதில் பாதி, பந்தலுக்கும் லைட்டுக்கும் முன்பணமாகப் போயிருந்தது. அவர்கள் நிலைமை எங்களைவிட மோசம், கேட்க வாய் வராது. பிறகு ஐம்பது பேரோடு கல்யாணம் நடத்தலாம் என்று அனுமதி வந்தது. ஐம்பது பேர் கல்யாணத்துக்கு மேடை எதற்கு? வீட்டு வாசலில் வாழை மரம் போதும். பார்ட்டிகள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை என்று எங்கள் ரசீதில் அச்சடித்திருந்தது. நான் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தேன். போனில் கேட்டபோதெல்லாம் "நான் பாத்துக்கிறேன் மாப்ள, நீ ஆபீஸ் வேலையைப் பாரு" என்றான்.

2021 டிசம்பரில் ஆடிட்டருக்காகக் கணக்கைச் சேர்க்கும்போது ஒரு எண் இடித்தது. திருப்பிக் கொடுத்த தொகை, எங்கள் அக்கவுண்டில் இருந்திருக்கக்கூடிய தொகையைவிட 1,80,000 ரூபாய் அதிகம். வராத பணம் எப்படிப் போகும்? இரண்டு நாள் பில்களைப் புரட்டிவிட்டு அவனிடமே கேட்டேன். அவன் அம்மாவின் ஏழு பவுன் செயினை 2020 ஜூனில் அடகு வைத்திருக்கிறான். அம்மாவே கழற்றிக் கொடுத்தாராம். "அந்த வீட்ல பொண்ணோட அப்பாவுக்கு வேலை போயிருச்சு. ரசீதைக் காட்டிப் பேச எனக்கு வரல." இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தது அவர்கள் கத்தியதால். மூன்றாவது வீடு கேட்கக்கூட இல்லை, இவனாகவே போய்க் கொடுத்திருக்கிறான்.

அந்த முடிவு சரியா என்று நான் கேட்கவில்லை. 2022-ல் எங்களைத் தேடி வந்த பாதிப் பேர் அந்த மூன்று வீடுகள் சொல்லி வந்தவர்கள். கேள்வி வேறு. அந்த 1,80,000 என்ன? அவன் எனக்குக் கொடுத்த பரிசா? நிறுவனத்துக்குக் கொடுத்த கடனா? அவனும் அவன் அம்மாவும் அந்தப் பெண்ணின் அப்பாவுக்குச் செய்த தர்மமா? "அதைக் கணக்குல ஏத்தாத. நான் உன்கிட்ட கேட்டேனா?" என்றான்.

சட்டத்திடம் இதற்குப் பதில் இருக்கிறது, கூச்சமே இல்லாத பதில். அதே பதின்மூன்றாவது பிரிவு. ஒரு கூட்டாளி ஒப்புக்கொண்ட முதலுக்குமேல் தொழிலுக்காகப் பணம் போட்டால், அதற்கு ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டி. 1932-லேயே யாரோ ஒருவர் இந்தக் காட்சியை யோசித்திருக்கிறார். 2022 ஏப்ரலில் செயினை மீட்டோம். இருபத்திரண்டு மாதத்துக்கு ஆறு சதவீதம் 19,800 ரூபாய். அடகுக்கடைக்கு அவன் கட்டிய வட்டி இதைவிட அதிகம்.

திருவள்ளுவர் அவன் பக்கம். நட்பைப் பற்றித் தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள் வைத்த மனிதர், அதில் 'பழைமை' என்று ஒன்றை முழுக்க இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். பழகிய உரிமையில் நண்பன் நம்மைக் கேட்காமலே ஒன்றைச் செய்துவிட்டால் அதை விரும்பி ஏற்க வேண்டும் என்பது அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. அரிஸ்டாட்டில் என் பக்கம் என்று நினைத்தேன். பயன் கருதிய நட்பில்தான் புகார்கள் அதிகம் வரும் என்கிறார். அதிலும் இரண்டு வகை பிரிக்கிறார். ஒன்று விதிகளைப் பேசிவிட்டுக் கொடுப்பது. இன்னொன்று எதுவும் பேசாமல், நண்பனுக்குக் கொடுப்பதுபோலக் கொடுப்பது. இந்த இரண்டாவது வகைதான் சிக்கல், கொடுத்தவர் பின்னொரு நாள் அதைக் கடனாக நினைக்கக்கூடும். அதனால் முடிந்தால் வாங்கியதற்குச் சமமாகத் திருப்பிவிடு, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நண்பராக்காதே என்று முடிக்கிறார். ஆனால் இங்கே என் நண்பன் விருப்பமில்லாமலா கொடுத்தான்? விருப்பத்தோடுதான் கொடுத்தான். விருப்பம் கேட்கப்படாமல் வாங்கிக்கொண்டவன் நான்.

இதைத்தான் நான் அவனிடம் சொன்னேன், இவ்வளவு நேர்த்தியாக இல்லை. "நீ எழுத வேணாம்னா, நான் ஆயுசு பூரா உனக்குக் கடன்காரன்டா. அதுவும் எவ்வளவுன்னே தெரியாத கடன்." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எனக்கு மட்டும்? மூணு வருஷம் உன் சம்பளத்துல ஓட்டுனோமே, அதுக்கு நீ ஆறு சதவீதம் எழுதுனியா?" என்றான். நான் எழுதவில்லை. அது முதலீடு, பத்திரத்தில் இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் கேட்டது சட்டக் கேள்வி அல்லவே. எழுதாமல் விடும் உரிமை உனக்கு மட்டும்தானா என்று கேட்டான்.

அசலை எழுதினோம். அது அவனுடைய பணம் மட்டுமல்ல, அவன் அம்மாவுடையது, அதில் எங்கள் இருவருக்கும் பெருந்தன்மை காட்ட உரிமை இல்லை என்று சொன்னபோது ஒத்துக்கொண்டான். வட்டியை எழுத விடவில்லை. ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வட்டி வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க தம்பி" என்றார். அவன் போட்டான். அப்படி எழுதாமல் விட்டதுகூட எழுத்தில் இருக்கிறது.

வருகிற தை மாதம் அவன் தங்கை மகனுக்குக் காதுகுத்து. மேடை நாங்கள்தான். மொய் எவ்வளவு வைப்பது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இருபதாயிரம் வைக்கலாம் என்றேன். "பத்தொன்பதாயிரத்து எண்ணூறை முழுசாக்கி வச்சா அவருக்குப் புரிஞ்சுபோயிரும்" என்கிறாள் மனைவி. முப்பது என்றால் அவர்களுக்குத் திருப்பிச் செய்யும்போது பாரமாக இருக்கும். இருபத்தைந்தாயிரத்து ஒன்று என்று இப்போதைக்கு நிற்கிறது.